ராணிக்கு இரண்டே பட்டன்

சரவணா, இதைப் பாதி படித்துவிட்டுப் போனை எடுக்காதே. முழுக்கப் படி. நீ பாதியில் கூப்பிட்டால் நானும் பாதியில்தான் பேசுவேன், அதற்குள் உன் மகள் போனைப் பிடுங்கிக்கொள்வாள், கடைசியில் அவளுடைய புதுப் பல்லைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. "ரெண்டுல எதுன்னு சொல்லிடும்மா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிட்டா எனக்கு வசதி" என்றாய். நான் அதற்கு, குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்டேன். சளியைப் பற்றிய கவலையில் கேட்கவில்லை, தப்பிக்கத்தான் கேட்டேன். இன்றைக்கு அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. இங்கே காலைப் பலகாரம் ஆகியிருக்கிறது, அங்கே நீங்கள் மதியச் சாப்பாடு முடித்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிவிட்டு, இங்கே ஹைதராபாத்தில் உப்பல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடுகிற மலருக்கும் கொடுக்கப்போகிறேன். கோபப்படாதே. உன் பெயர் சரவணன் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கு அது எதற்கு? இந்த அபார்ட்மெண்டிலேயே பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற அம்மாக்கள் தளத்துக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள். எல்லாரிடமும் யாரோ ஒரு பிள்ளை இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான்.

வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி ஊறவைத்தேன். பால் பொங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுவிட்டு, பொங்குகிற நேரம் பார்த்து வாசலுக்குப் போனேன். லிஃப்ட் சத்தம் கேட்டால் உன் நண்பன் விக்னேஷ் வீடு பார்க்க வந்துவிட்டானோ என்று எட்டிப் பார்க்கிறேன். பாவம், அவன் நல்ல பையன். அவனுக்கு பெங்களூரிலிருந்து இங்கே மாற்றலாகியிருக்கிறது, மாதப் பிறப்புக்கு வீடு வேண்டும், நீ நம் வீட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் உனக்கு இந்த அவசரம். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய், யாரும் வராத வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

உன்னுடைய இரண்டு என்ன என்பதை எழுதிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீயும் பார்த்துக்கொள். ஒன்று, மெல்பர்னில் உன்னோடு வந்து இருப்பது. இரண்டு, கோயம்புத்தூரில் உன் சித்தி செல்வி வீட்டு மாடிப் போர்ஷனுக்குப் போவது. இரண்டிலும் குறை சொல்ல முடியாது. உன் மனைவி திவ்யா என்னை அத்தை அத்தை என்று தாங்குகிறாள். செல்வி எனக்கு உயிர். உன் அப்பா போன பிறகு நான் தனியாக இருப்பது உனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. மூன்று மாதம் முன்பு வாஷிங் மெஷின் தண்ணீரில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேனே, அதோடு உனக்கு உறுத்தல் பயமாகிவிட்டது. லீவு போட்டு ஓடி வந்தாய், பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி போட்டாய், வீடெல்லாம் ரப்பர் பாய் விரித்தாய், திரும்பிப் போகும்போது ஏர்போர்ட்டில் அழுதாய். நீ கெட்ட பிள்ளை இல்லை. கெட்ட பிள்ளையாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமே இல்லை, அன்றைக்கே போடா என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் நீ அந்த இரண்டைச் சொன்ன மாத்திரத்தில் எனக்கு உன் குரல் கேட்கவில்லை, என் பழைய கம்பெனியின் மெனு கேட்டது. மலர் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண் சொல்வாளே, அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் நான் இந்த ஊரில் வருடக் கணக்காகச் செய்த வேலை. சில கம்பெனிகளுக்குக் குரலும் என்னுடையதுதான். ஒரு தடவை உன் அப்பா டிவி கனெக்‌ஷன் விஷயமாகப் போன் செய்துவிட்டு, பேசுவது யார் என்று தெரியாமல், பதிவு செய்த என் குரலோடு முழு மூச்சாகச் சண்டை போட்டார். "சுத்தி வளைக்காதம்மா, ஆளக் கூப்பிடு" என்று கத்தியிருக்கிறார். பாதியில் குரல் பிடிபட்டுவிட்டது. சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ஆளிடம் பேச எதை அழுத்த வேண்டும் என்று கேட்டார். அது மெனுவிலேயே கிடையாது என்றேன். அவர் அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசவில்லை.

எங்கள் தொழிலில் அது ஒரு கலை. போன் செய்கிறவருக்கு வழி விட்ட மாதிரியும் இருக்க வேண்டும், அவர் வந்து நம் தலையில் விழவும் கூடாது. அவர் எதற்காகப் போன் செய்தாரோ அதைக் கடைசியில் வைப்போம், அல்லது வைக்கவே மாட்டோம். மற்ற பட்டன்கள் நன்றாக இருக்கும், மரியாதையாக இருக்கும், அழுத்தினால் எங்கேயாவது போகும். நீ வேண்டுமென்று அப்படிச் செய்தாய் என்று சொல்லவில்லை. நாங்களும் வேண்டுமென்று செய்ததில்லை, எதை விட்டோம் என்பது பழகப் பழகக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

பிறகு அந்த வேலையை மெஷினே செய்துகொள்ள ஆரம்பித்தது, எங்களை அனுப்பிவிட்டார்கள். உன் அப்பாவும் போய்விட்டார். அப்போதுதான் நீ உன் பழைய லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்து, படிக்கிறவர் பட்டன் அழுத்தி வழியைத் தேர்ந்தெடுக்கிற கிளைக்கதை செய்யும் அந்த சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு, "உனக்கு இது நல்லா வரும்மா, ஒன்ன அழுத்து, ரெண்ட அழுத்துதானே" என்று கிண்டல் செய்தாய். என் கை சும்மா இருக்கக் கூடாது என்று செய்தாய். அது என்ன ஆயிற்று என்று நீ அப்புறம் கேட்கவேயில்லை. நானும் விவரமாகச் சொல்லவில்லை. அதனால் இப்போது கேள்.

பக்கத்து வீட்டு ரிஸ்வானா ஒரு நாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஐந்தாவது படிக்கிறவள். சொந்த ஊர் வாணியம்பாடி, அவள் அப்பாவுக்கு மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஹைதராபாத் ஹிந்தியிலோ, வாய்க்கு எது முதலில் வருகிறதோ அதில் பதில் சொல்வாள். என் ஸ்கிரீனில் கட்டம் கட்டமாகப் பக்கங்களும் அவற்றுக்கு நடுவே அம்புக்குறிகளும் இருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். ஒவ்வொரு கட்டமும் கதையில் ஒரு பக்கம், ஒரு வார்த்தையை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது பட்டனாகிவிடும், அழுத்தினால் அந்தப் பெயருள்ள பக்கத்துக்குப் போய்விடும் என்று காட்டினேன். அவ்வளவுதான். மறுநாள் மூன்றாம் மாடி பிரணவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திருநெல்வேலிக்காரப் பையன், அப்பா அம்மா இரண்டு பேரும் ஐடி. இப்போது சனிக்கிழமை காலையில் கீழே ஹாலில் ஒரு கும்பலே உட்காருகிறது. நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பெயர். பாதி நேரம் அவர்கள் கண்டுபிடித்ததை நான் எழுதிக்கொள்கிறேன். கதை எதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், சாவி எடுத்தாளா இல்லையா என்பது மாதிரி, அதற்கு ப்ரோகிராமில் ஒரு இடம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் டப்பா. சாவி டப்பாவில் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. வகுப்பில் எல்லாருக்கும் அது ஒரே நாளில் புரிந்துவிட்டது.

புரியாதது வேறு. பட்டன் வைப்பதுதான் அவர்களுக்கு வரவில்லை. பிரணவின் முதல் கதையில் ஒரு பையனுக்குப் புதையல் கிடைக்கிறது. ஒரு பட்டன் 'பெரியவர்களிடம் சொல்', இன்னொரு பட்டன் 'பேராசைப்பட்டு எடுத்துக்கொள்'. இரண்டாவதை அழுத்தினால் முதலை. எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் எழுதின. நாம் அவர்களிடம் பேசுகிற விதம் அது. கேள்வி மாதிரி இருக்கும், பதில் உள்ளேயே இருக்கும். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எதை அழுத்தினார்கள் என்று நினைக்கிறாய்? முதலையைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் பேராசைப்பட்டார்கள். பிரணவுக்குக் கோபம் வந்துவிட்டது, நல்ல பக்கத்தை யாருமே படிக்கவில்லையாம். அன்றைக்கு ஹாலில் பெரிய சத்தம், செக்ரட்டரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் வகுப்பே கூடி விதி போட்டது. இரண்டு பட்டனும் கையை இழுக்க வேண்டும். பட்டனில் சொன்னது அடுத்த பக்கத்தில் நடக்க வேண்டும், ஏமாற்றக் கூடாது. எந்தப் பக்கத்திலும் விளையாடுகிறவர் சும்மா நிற்கக் கூடாது. இந்த விதிகளை மீறினால் ரிஸ்வானா விட மாட்டாள், அது நானாக இருந்தாலும் சரி.

நீ போன் செய்த அன்றே எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் இரண்டையும் ஒரு கிளைக்கதையாகச் செய்து, இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று. திங்கள் மத்தியானம் உட்கார்ந்தேன். நான் என்று எழுதக் கூச்சமாக இருந்தது, ஒரு ராணி என்று எழுதினேன். ராஜா இறந்துவிட்டார். ராணி கோட்டை வாசலில் நிற்கிறாள். ஒரு பட்டன், தங்கையின் அரண்மனை. இன்னொரு பட்டன், கடல் தாண்டி மகனின் நாடு. ஒரு கிளையை செவ்வாயும் இன்னொன்றை வியாழனும் முடித்தேன். இடையில் எழுந்து எழுந்து நடந்தேன், ஆனாலும் முடித்தேன். உன் நாட்டை நன்றாகவே எழுதினேன். சுத்தமான தெரு, பூங்கா, அரண்மனைக்குள் வெந்நீர், பேத்தியின் மழலை. செல்வியின் அரண்மனையிலும் குறை வைக்கவில்லை. எனக்கே திருப்தியாக இருந்தது. நேற்று சனிக்கிழமை, எல்லாரும் டெஸ்ட் செய்யுங்கள் என்று அவர்கள் முன்னால் வைத்தேன்.

வயிற்றில் பை வைத்த மிருகங்கள் குதிக்கிற நாடு என்று நான் சாமர்த்தியமாக எழுதியிருந்ததைப் படித்ததும் நான்கு பேர் சேர்ந்து ஆஸ்திரேலியா என்று சொல்லிவிட்டார்கள். ராணி யார் என்று கேட்கவே இல்லை. பிரணவ் என் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்கிரீனுக்குத் திரும்பிவிட்டான். ரிஸ்வானாதான் மவுஸை வைத்திருந்தாள். மகனின் நாட்டை அழுத்தினாள். ராணி கப்பல் ஏறினாள். அடுத்து. ராணியை வரவேற்றார்கள். அடுத்து. ராணிக்கு அறை கொடுத்தார்கள். அடுத்து. எல்லாரும் வேலைக்குப் போனார்கள். அடுத்து. திரும்பி வந்தார்கள். அவள் அழுத்திக்கொண்டே போனாள். கதை முடிந்தது. திரும்ப வந்து தங்கையின் அரண்மனையை அழுத்தினாள். அதிலும் அடுத்து, அடுத்து. எனக்கு அப்போதுகூடத் தெரியவில்லை, கதை நன்றாக ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, மொதல் பக்கத்துக்கு அப்புறம் அழுத்தறதுக்குப் பட்டனே இல்லையே? எல்லாத்துலயும் நெக்ஸ்ட் மட்டும்தான் இருக்கு" என்றாள்.

"இது கேம் இல்ல ஆன்ட்டி, பிபிடி" என்றான் பிரணவ். அவன் அப்பா வீட்டில் மீட்டிங்குக்குச் செய்கிற ஸ்லைடுகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அது கேவலம்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் என் தப்பு எனக்கு அப்போதுதான் தெரிந்தது, சரவணா. வேண்டுமென்று அப்படி எழுதவில்லை. குழந்தைகளிடம் வாரா வாரம் நான் பிடிவாதமாகச் சொல்கிற விதி அது, விளையாடுகிறவர் எந்தப் பக்கத்திலும் சும்மா நிற்கக் கூடாது. அதை இரண்டு கிளையிலும் முழுக்க மீறியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அந்த வீடுகளில் எனக்கு ஒரு பட்டன் வைக்க வேண்டும் என்று என் கைக்குத் தோன்றவேயில்லை. ரிஸ்வானா விடவில்லை. ராணி கோட்டைக்கு வெளியில் நிற்கும்போதே கதை ஏன் ஆரம்பிக்கிறது, கோட்டைக்குள் போகிற பட்டன் எங்கே என்று கேட்டாள். அது வைக்கவில்லை என்றேன். மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். முதலில் நியாயமாக உன் கிளையைச் சரி செய்யப் பார்த்தேன். உன் மகள் பிறந்தபோது அங்கே வந்து இருந்திருக்கிறேன், எனக்கு அந்த வீடு தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. நீயும் திவ்யாவும் ஆபீஸில், குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில். ராணி முன்னால் இரண்டு பட்டன், இரண்டும் கையை இழுக்க வேண்டும். ஒன்று, பூங்காவுக்கு நடந்து போகலாம். சரி. இன்னொன்று? வீட்டில் இருக்கலாம். அது பட்டன் இல்லை. காய் நறுக்கி வைக்கலாம். திவ்யா ஞாயிற்றுக்கிழமையே நறுக்கி டப்பாக்களில் போட்டுவிடுவாள். மணிக்கணக்காக உட்கார்ந்தேன், இரண்டாவது பட்டன் வரவில்லை. செல்வி வீட்டில் இன்னும் மோசம். நான் எதைத் தொட்டாலும் "நீ உக்காருக்கா" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள், அதை மீற முடியாது.

அப்புறம் ரிஸ்வானா கேட்ட பக்கத்தை எழுதினேன், கோட்டைக்கு உள்ளே. அது அடங்க மாட்டேன் என்கிறது. செக்ரட்டரி சனிக்கிழமை ஹாலை ஜூம்பா வகுப்புக்குக் கொடுக்கப் பார்க்கிறார். அவரோடு சண்டை போடுவதா, குழந்தைகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவதா? இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது. தெலுங்குப் பிள்ளைகளும் வகுப்புக்கு வருகிறோம் என்கிறார்கள். சேர்த்துக்கொண்டு என் ஓட்டைத் தெலுங்கில் சமாளிப்பதா, ரிஸ்வானாவை மொழிபெயர்க்க வைப்பதா? குகட்பள்ளியில் என்னோடு வேலை பார்த்த சாரதா அங்கேயும் இப்படி ஒரு வகுப்பு நடத்தக் கூப்பிடுகிறாள். மெட்ரோ மாறிப் போவதா, அவளை இங்கே வரச் சொல்வதா? ஸ்கிரீனில் அம்புக்குறிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இந்த வாரத்தில் முதல் தடவையாக, வாசல் பக்கம் போகாமல் ஒரே இடத்தில் இருந்தேன். விளக்குப் போடுகிற நேரம் தாண்டியது தெரியவில்லை.

ஆனால் ஏமாற்றக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறதே. அதனால் நான் எழுத விரும்பாத பக்கத்தையும் எழுதினேன். அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நான் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்ததாக உன்னிடம் சொன்னேன் இல்லையா, அப்படி யாரும் வரவில்லை. போன் சாப்பாட்டு மேஜையில் இருந்தது, கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கூப்பிட்டேன், மெஷின் ஓடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெஷின் நின்றது, காயப்போட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே கிடந்தேன். வேலைக்கார லக்ஷ்மம்மா வந்து பெல் அடித்த பிறகுதான், ஒரு கையை ஊன்றித் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். அன்றைக்கு அவள் லீவு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதில்லை என்று சொன்னால் பொய். நினைக்கிறேன், சரவணா. பயமாக இருக்கிறது. உன் பயம் சும்மா இல்லை. கோட்டைக்குள் போகிற கிளையில் அப்படி ஒரு முடிவும் இருக்கிறது, அதை நான் மறைத்து வைக்கவில்லை, பட்டன் போட்டே வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்துக்குப் போகிற வழியைக் குறைக்க முடியும், மூட முடியாது. உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுக்க நாளைக்கு கார்பெண்டர் வருகிறார். ஒரு சாவி ரிஸ்வானாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காலையில் எட்டு மணிக்குள் நான் அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பாவிட்டால் அவர் வந்து கதவைத் திறப்பார், பேசி வைத்துக்கொண்டோம். போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ரிஸ்வானா ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறாள், கண்றாவியாக இருக்கிறது, மாட்டிக்கொள்கிறேன். துணிகூட லக்ஷ்மம்மா வந்த பிறகுதான் துவைக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் விழலாம். எழுபது வயதில் உன் வீட்டுச் சுத்தமான பாத்ரூமிலும் விழலாம், அங்கே நீங்கள் ஆபீஸிலிருந்து வரச் சாயங்காலமாகும்.

உனக்கு இன்டர்மீடியட்டில் சேரும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பத்தாவது ரிசல்ட் வந்த அன்றே உன் அப்பா உன்னை முன்னால் நிறுத்தி, எம்பிசியா பைபிசியா என்று கேட்டார். இன்ஜினியரா டாக்டரா என்று அர்த்தம், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அந்த இரண்டுதான் கேட்பார்கள். சொந்தமாக முடிவு செய்யட்டும் என்று பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக அவருக்குப் பெருமை வேறு. நீ ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் நீயாகவே போய், காமர்ஸ் இருக்கிற சிஇசியில் பெயர் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது தயிர் கேட்கிற மாதிரி சொன்னாய். உன் அப்பா எழுந்து போய்விட்டார். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சொன்ன இரண்டும் கெட்டவை இல்லை. உன்னிடம் கேட்கும்போது உன்னைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவரும் பிறகு, என் பிள்ளை ஆடிட்டர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் இப்போது செய்வது உன்னிடமிருந்து கற்றது என்று வைத்துக்கொள்.

உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அதனால் ஒன்று சொல்கிறேன், அம்மா உபதேசம் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. யாரையாவது இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லும் முன்பு, அந்த இரண்டுக்குள்ளும் நீ ஒரு தடவை போய் நின்று பார். அதற்கடுத்த பக்கத்தில் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று பார். சாப்பாடும் படுக்கையும் மருந்தும் மட்டும் இருந்தால் அது போதாது. உன் மகள் பதினாறு வயதில் உன் எதிரே வாயைத் திறக்காமல் நிற்கும்போது இது உனக்கு உதவும்.

உன்னிடம் நான் கேட்பது இது. மெல்பர்ன் கிளையை நீ எழுது. நான் எழுதினால் பிபிடி ஆகிவிடுகிறது, உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. லேப்டாப்பில் இருக்கிற கதையை உனக்கு அனுப்பியிருக்கிறேன். திவ்யாவையும் உட்கார வைத்துக்கொள், உன் மகளும் சொல்லட்டும். செவ்வாய்க்கிழமை பதினொரு மணியிலிருந்து ஆரம்பி, ஒவ்வொரு பக்கத்திலும் என் கையை இழுக்கிற இரண்டு பட்டன் வை. சும்மா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நீ எழுதி அனுப்பினால் நான் நேர்மையாக விளையாடுவேன், பிடித்திருந்தால் பெட்டி கட்டுவேன். உன்னாலும் முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல். அதற்காக உன் மேல் எனக்கு வருத்தம் வராது. வருடத்துக்கு இரண்டு மாதம் நான் அங்கே வருகிறேன், ஒரு மாதம் நீங்கள் இங்கே வாருங்கள், குழந்தையைச் சனிக்கிழமை ஹாலுக்குக் கூட்டிப் போகிறேன். உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் பெயர் போனில் வந்தாலே எனக்கு நாள் நன்றாகிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. இதை எழுத உட்காரும் முன்பு, காலையில் விக்னேஷுக்கு நானே போன் செய்துவிட்டேன். வீடு காலியாகவில்லை தம்பி, நான்தான் இருக்கிறேன் என்றேன். பி பிளாக்கில் ஒரு வீடு இருக்கிறது, கிழக்கு வாசல், நல்ல காற்று, நானே பேசி முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவன் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, உங்ககிட்ட கேட்டுட்டேன்னு அவன் சொன்னானே" என்றான்.

"கேட்டான்ப்பா" என்றேன். "நான் இன்னைக்குத்தான் பதில் சொல்றேன்."

அம்மா